சம்பளத்தில் பிடித்த வரி திரும்ப வருமா? புதிதாக வேலைக்கு வந்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஜூன் மாதம் பிறந்ததும், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்கள் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. இந்தியாவில் வசித்து இங்கேயே சம்பாதிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தனியாக வேறு ஆண்டைக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் 2025-26 நிதியாண்டின் கணக்கு என்று கொள்ளுங்கள். அதாவது ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரை வந்த வருமானம்.

ரீஃபண்ட் என்பது அரசு தரும் சலுகையா?

இல்லை. அது உங்கள் பணம். ஆண்டு முடிவதற்கு முன்பே, "இவருக்கு இவ்வளவு வருமானம் வரலாம்" என்ற ஊகத்தில் உங்கள் சம்பளத்திலிருந்தோ வட்டியிலிருந்தோ ஒரு தொகையைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறார்கள். இதுதான் டி.டி.எஸ். ஆண்டு முடிந்து உண்மையான கணக்கைப் போடும்போது கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால், மிச்சம் உங்களுக்குத் திரும்ப வேண்டும்.

பஸ்ஸில் பெரிய நோட்டைக் கொடுத்தால் கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பாரே, அதுபோலத்தான். பாக்கி உங்களுடையதுதான். ஆனால் இறங்குவதற்கு முன் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். வருமான வரியில் அப்படிக் கேட்பதற்கான ஒரே வழி, கணக்குத் தாக்கல் செய்வது, அதாவது ஐ.டி.ஆர். போடுவது. தாக்கல் செய்யாதவர்களுக்குத் துறை தானாகப் பணம் அனுப்பாது.

எனக்கு உண்மையில் எவ்வளவு வரி?

வரியைக் கணக்கிடப் புதிய முறை, பழைய முறை என்று இரண்டு உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. வரும் வரியின் மேல் 4 சதவீதம் செஸ், அதாவது கூடுதல் தீர்வை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு, அதாவது ரசீது எதுவும் இல்லாமலே அந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் வரி கணக்கிடுவார்கள்.

இவற்றைவிட முக்கியமானது 87ஏ பிரிவின் கீழ் வரும் தள்ளுபடி. கழிவு போக வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், 60,000 ரூபாய் வரையிலான வரி முழுதாகத் தள்ளுபடி ஆகிவிடும். ஆகவே ஆண்டுச் சம்பளம் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை உள்ளவருக்கு வரி பூஜ்யம். வேலைக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள்தான் இருப்பார்கள். அப்படி இருக்கும்போது பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் திரும்பக் கேட்க வேண்டிய ரூபாய்.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. அதனால் வரி கூடுதலா?

இல்லை. அமெரிக்காவில் தனியாளுக்கு ஒரு கணக்கு, தம்பதிக்கு ஒரு கணக்கு என்று உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் வரி ஆளுக்கு ஆள் தனி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்யும் வழியே இங்கில்லை. ஆகவே மணமாகாதவர் எதையும் இழப்பதில்லை.

பழைய வரி முறையில் மட்டும் சிறு வேறுபாடு தெரியும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை 80சி பிரிவில் கழிவாகக் காட்டும் வாய்ப்பு தனியாளுக்கு இருக்காது. ஆனால் அம்மா, அப்பாவுக்கு நீங்கள் எடுத்த மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தை 80டி பிரிவில் காட்டலாம். 25,000 ரூபாய் வரை, அவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள் என்றால் 50,000 வரை. உங்களுடைய காப்பீட்டுக்குரிய 25,000 இதில் சேராது, அது தனி.

கன்சல்டன்ட் என்று சொல்லி வேலைக்கு எடுத்தார்கள். மாதாமாதம் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். இது என்ன?

ரீஃபண்ட் தவறவிடுபவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் இவர்கள்தான் என்று நினைக்கிறேன். உங்களை ஊழியராகக் கணக்கில் வைக்காமல் தொழில்முறைக் கட்டணம் பெறுபவராக வைத்திருக்கிறார்கள். பி.எஃப். இருக்காது, சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றான படிவம் 16 தரமாட்டார்கள், 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் பிடிப்பார்கள். சம்பளத்துக்கு வரி பிடிப்பவர் உங்கள் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டுப் பிடிப்பார். இங்கே அந்தக் கணக்கே இல்லை. ஒரே நிறுவனம் தரும் தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு.

மாதம் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,60,000. பிடித்தது 36,000. கைக்கு வந்தது மாதம் 27,000. செலவு எதையும் கழிக்காமல் முழுத் தொகையையும் வருமானமாக எடுத்தாலும் 4 லட்சத்துக்குக் கீழே. வரி பூஜ்யம். 36,000 ரூபாயும் உங்களுக்கே வர வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்! இதைக் கேட்டு வாங்காமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் விட்டவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உங்களுக்கு உரிய சான்று படிவம் 16ஏ, அதைக் கேட்டு வாங்குங்கள். தாக்கல் செய்யும் படிவம் ஐ.டி.ஆர்.-1 அல்ல. தொழில் வருமானம் என்பதால் ஐ.டி.ஆர்.-4 அல்லது 3.

வருடத்தின் நடுவில் வேலையை விட்டேன். அதற்கும் ரீஃபண்ட் உண்டா?

பெரும்பாலும் உண்டு, சில நேரம் பெரிய தொகையாகவே இருக்கும். மாதம் 1,20,000 ரூபாய் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் ஏப்ரலில் கணக்குப் போடும்போது 12 மாதமும் வேலை செய்வார் என்று எண்ணி 14,40,000 என்று எடுக்கும். நிலையான கழிவு போக 13,65,000. அதற்கு வரி 84,750, செஸ் சேர்த்தால் 88,140. மாதத்துக்கு 7,345 பிடிப்பார்கள்.

அவர் மேற்படிப்புக்காகவோ உடல்நலத்துக்காகவோ டிசம்பர் இறுதியில் வேலையை விடுகிறார். அதற்குள் 66,105 ரூபாய் பிடித்தாகிவிட்டது. ஆனால் ஒன்பது மாதச் சம்பளம் 10,80,000. கழிவு போக 10,05,000. 12 லட்சத்துக்குள் வந்துவிட்டதால் வரியே கிடையாது. 66,105 ரூபாயும் திரும்பும். வேலை இல்லாத அந்த மாதங்களில் இந்தப் பணம் எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு நிறுவனங்களில் வேலை செய்தேன். இரண்டு படிவம் 16 இருப்பதால் ரீஃபண்டும் இரட்டிப்பா?

அப்படி நினைத்துத்தான் வருகிறார்கள். போகும்போது முகம் வாடிப் போகிறது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,00,000. அந்த நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணக்கிட்டு, வரி இல்லை என்று எதுவும் பிடிக்கவில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை வேறு நிறுவனத்தில் மாதம் 1,50,000. பழைய சம்பளத்தை நீங்கள் சொல்லாததால், ஆறு மாதத்துக்கு 9 லட்சம்தானே என்று அவர்களும் பிடிக்கவில்லை. இரண்டையும் கூட்டினால் 15 லட்சம். நிலையான கழிவு ஒரு முறைதான், இரு முறை அல்ல. 14,25,000க்கு வரி 93,750, செஸ்ஸுடன் 97,500. இதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் சேரும்.

இதைத் தவிர்ப்பது எளிது. புதிய நிறுவனத்தில் சேர்ந்த வாரத்திலேயே பழைய வேலையின் சம்பள விவரத்தையும் பிடித்தத்தையும் எழுத்தில் கொடுங்கள். 12பி என்ற படிவம் அதற்காகவே இருக்கிறது.

கம்பெனி எனக்குப் பழைய வரி முறையில் பிடித்துவிட்டது. இப்போது மாற்ற முடியுமா?

முடியும். சம்பளம் மட்டும் வாங்குபவர், நிறுவனத்தில் எதைச் சொல்லியிருந்தாலும், தாக்கல் செய்யும்போது வேறு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மாற்றலாம்.

ஆண்டுச் சம்பளம் 7,20,000. யாரோ நண்பர் சொன்னார் என்று நிறுவனத்தில் பழைய முறையைக் குறித்துவிட்டு, சேமிப்பு எதையும் காட்டவில்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பி.எஃப். கழிவை நான் சேர்க்கவில்லை. பழைய முறையில் நிலையான கழிவு 50,000தான். மீதி 6,70,000க்கு வரி 46,500, செஸ்ஸுடன் 48,360. அதே சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி பூஜ்யம். தாக்கலில் புதிய முறையைக் குறித்தால் 48,360 முழுதும் திரும்பும்.

மாற்றிச் செய்ய, அதாவது பழைய முறையைத் தேர்ந்தெடுக்க, கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். கெடு தவறினால் புதிய முறை மட்டுமே.

வாடகை ரசீது, காப்பீட்டு ரசீது எல்லாம் கம்பெனிக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். போச்சா?

போகவில்லை. தாக்கல் செய்யும்போது நேரடியாகக் காட்டலாம். ஆனால் முதலில் புதிய முறையில் உங்கள் வரி எவ்வளவு என்று பாருங்கள். அது பூஜ்யம் என்றால் ரசீதைத் தேடி அலைய வேண்டாம். வீட்டு வாடகைக் கழிவும் 80சி, 80டி சேமிப்புகளும் பழைய முறைக்கு மட்டுமே உரியவை.

பி.எஃப். பணத்தை எடுத்தேன். அதிலும் பிடித்திருக்கிறார்களே?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்சாலைகளில் மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் பெண்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஐந்து ஆண்டு சேவை முடியாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால், தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம் பிடிக்கப்படும். பான் எண் இணைக்காவிட்டால் 20 சதவீதம். 90,000 எடுத்தவருக்கு 9,000 போகும். பான் இல்லாதவருக்கு 18,000.

ஆண்டு முழுவதும் வந்த சம்பளத்தையும் வரிக்குட்பட்ட பி.எஃப். தொகையையும் கூட்டினாலும் வரி வரம்புக்குள்தான் இருக்கிறது என்றால், அந்த 9,000 ரூபாயைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தகுதி உள்ளவர்கள் பணம் எடுக்கும்போதே தனக்கு வரி வராது என்று அறிவிக்கும் 15ஜி படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்தமே நடந்திருக்காது. வேறு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு வரி கிடையாது, சேவைக்காலமும் தொடரும். உடல்நலக் குறைவாலோ நிறுவனம் மூடப்பட்டதாலோ வேலை போயிருந்தால் ஐந்து ஆண்டு நிபந்தனை பொருந்தாது.

அப்பா என் பெயரில் வங்கியில் டெபாசிட் போட்டிருக்கிறார். அதில் பிடித்தது?

ஒரு வங்கியில் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் அதுவும் திரும்பும். வட்டியை வருமானத்தில் காட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும். பலர் பிடித்தத்தை மட்டும் எழுதிவிட்டு வட்டியை விட்டுவிடுகிறார்கள், கணக்கு அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

தொழில் வரியும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அது திரும்புமா?

திரும்பாது. அது மாநகராட்சியோ நகராட்சியோ அரையாண்டுக்கு ஒரு முறை வாங்கும் வரி. வருமான வரித்துறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. லாட்டரி, போட்டிப் பரிசுகளில் பிடிக்கும் 30 சதவீதமும் திரும்பாது. அந்த வருமானத்துக்கு வரம்பும் தள்ளுபடியும் இல்லை. பங்குகளை வாங்கி ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கான 20 சதவீத வரியிலும் 87ஏ தள்ளுபடி கிடைக்காது என்பதைப் பங்குச் சந்தையில் இறங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் நினைவில் கொள்ளவும்.

எவ்வளவு பிடித்தார்கள் என்பதை எங்கே பார்ப்பது?

வருமான வரித்துறையின் இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு நுழைந்தால் 26ஏஎஸ் என்ற அறிக்கையும், ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையும் இருக்கும். உங்கள் பான் எண்ணில் யார், எந்தத் தேதியில், எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்பது முதலாவதில் தெரியும். வங்கி வட்டி, பங்கு விற்பனை, டிவிடெண்ட் போன்றவை இரண்டாவதில். சம்பள ரசீதை ஒரு கையிலும் 26ஏஎஸ் அறிக்கையை மறு கையிலும் வைத்துக்கொண்டு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். துறை உங்கள் சம்பள ரசீதைப் பார்ப்பதில்லை, இந்த அறிக்கையைத்தான் பார்க்கிறது.

மார்ச்சில் முடியும் கடைசிக் காலாண்டின் கணக்கை நிறுவனங்கள் மே 31 வரை தரலாம். படிவம் 16 வழங்க ஜூன் 15 வரை அவகாசம். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் பாதித் தகவலை வைத்துச் செய்ததாகிவிடும்.

கம்பெனி பிடித்திருக்கிறது, ஆனால் 26ஏஎஸ் அறிக்கையில் இல்லை. என்ன செய்வது?

பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கலாம், அல்லது பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டாமலே வைத்திருக்கலாம். முதலில் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சான்று இருக்காது. தவறு என்றால் அவர்கள் திருத்தக் கணக்கு தாக்கல் செய்தால் சரியாகிவிடும். கட்டவே இல்லை என்றால், பிடித்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு உங்களைக் காக்கிறது. ஆனால் அறிக்கையில் வராதவரை ரீஃபண்டாக அது கைக்கு வருவது கடினம். சம்பள ரசீதுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

என் வருமானம் வரம்புக்குக் கீழே. தாக்கல் செய்வது கட்டாயமா?

கட்டாயம் இல்லாவிட்டாலும் ரீஃபண்ட் வேண்டுமென்றால் செய்துதான் ஆக வேண்டும். தவிர, ஆண்டில் பிடித்த வரி 25,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாக்கல் செய்வது கட்டாயம். மேலே சொன்ன 36,000 ரூபாய்க்காரர் இந்த வகை.

கெடு எப்போது?

சம்பளக்காரர்களுக்கு ஜூலை 31. சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள். 2025இல் செப்டம்பர் 16 வரை போனது. அதை நம்பி உட்காராதீர்கள். கெடு தவறினால் டிசம்பர் 31 வரை தாமதத் தாக்கல் செய்யலாம், ரீஃபண்டும் கேட்கலாம். தாமதக் கட்டணம், வருமானம் 5 லட்சம் வரை என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000.

டிசம்பரும் போய்விட்டது. பழைய ஆண்டுகளின் பணத்தை மறந்துவிட வேண்டியதுதானா?

முதலில் ஒரு எச்சரிக்கை. ஐ.டி.ஆர்.-யு என்ற புதுப்பித்த தாக்கலைச் செய்து பணம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி. அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

வழி வேறு இருக்கிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி 119(2)(பி) பிரிவின் கீழ் வருமான வரி ஆணையர் நிலை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், இணையதளம் வழியாகவே. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2020-21 நிதியாண்டில் பிடித்த பணத்துக்கு 2027 மார்ச் 31 வரை மனு செய்யலாம். ஏன் தாமதம் என்பதற்கு நேர்மையான காரணமும் அதற்கான சான்றும் வேண்டும்: மருத்துவமனையில் இருந்தது, குடும்பத்தில் இறப்பு போன்றவை. ஏற்கப்பட்டால் பணம் வரும், வட்டி வராது. சிறு தொகைக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 30,000, 40,000 என்றால் நான் விடச் சொல்லமாட்டேன்.

தாக்கல் செய்து பல வாரம் ஆகிறது, அசைவே இல்லை. ஏன்?

சரிபார்த்தீர்களா என்று முதலில் பாருங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமோ நெட் பேங்கிங் மூலமோ சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அது ஆகாதவரை துறையின் பார்வையில் நீங்கள் தாக்கலே செய்யவில்லை. 30 நாளைத் தாண்டிச் சரிபார்த்தால், அந்தத் தேதியே தாக்கல் தேதியாகக் கருதப்பட்டு தாமதக் கட்டணமும் விழலாம். சமர்ப்பித்தேன் என்று நிம்மதியாக இருந்துவிட்டு இந்த ஒரு படியில் கோட்டைவிடுபவர்கள் ஏராளம்.

சரிபார்த்த பின் கணக்கு பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க மையத்துக்குப் போகிறது. எளிய சம்பளக் கணக்குகள் பல நேரம் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். ஆனால் சட்டப்படி அவர்களுக்கு இருக்கும் அவகாசம் நீண்டது. தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம். 2026 ஜூலையில் தாக்கல் செய்ததற்கு 2027 டிசம்பர் 31 வரை.

"ரீஃபண்ட் தோல்வி" என்று வருகிறது. வங்கிக் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

எண் சரியாக இருக்கும், பெயர் சரியாக இருக்காது. நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுதச் சொல்கிறார்கள். ஆதாரில் ஒற்றை எழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் அதே எழுத்து முன்னால், புள்ளியோடு இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

வங்கிக் கிளைக்குப் போய்ப் பான் அட்டையில் உள்ளபடியே பெயரைத் திருத்தி, பான் எண்ணையும் இணைக்கச் சொல்லுங்கள். பிறகு வரித்துறை இணையதளத்தில் அந்தக் கணக்கை மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டுக்கு உரிய கணக்காகக் குறித்து, மறு வழங்கலுக்குக் கோரிக்கை கொடுங்கள். வேலை மாறியதும் பழைய சம்பளக் கணக்கை மூடிவிடுபவர்களுக்கும் இதே நிலை வரும்.

பான், ஆதார் இணைப்பையும் பார்த்துவிடுங்கள். இணைக்காத பான் செயலற்றது. செயலற்ற பானுக்கு ரீஃபண்ட் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் இல்லை.

கேட்டதைவிடக் குறைவாக வந்திருக்கிறது. என்ன காரணம்?

கணக்கை முடித்ததும் 143(1) பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதில் நீங்கள் எழுதியது ஒரு பத்தியிலும் துறை கணக்கிட்டது அடுத்த பத்தியிலும் இருக்கும். எந்த இடத்தில் எண் மாறுகிறது என்று விரல் வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முந்தைய ஆண்டின் பாக்கிக்காக 245 பிரிவின் கீழ் கழித்துக்கொள்வதாக இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பு அனுப்புவார்கள். அதற்குப் பதில் சொல்ல 21 நாள். அந்தப் பாக்கி தவறு என்றால் அதற்குள் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். துறையின் இலவச உதவி எண்கள் 1800 103 0025, 1800 419 0025.

ஒருவர் 50,000 ரூபாய் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், 20 சதவீதம் கமிஷன் என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். உங்களுக்கு உரிய ரீஃபண்ட் உங்கள் கணக்கிலிருந்து தானாக வரும் எண். யாரும் அதைப் பெரிதாக்க முடியாது, பொய் சொன்னால் ஒழிய. அவர்கள் செய்வது இதுதான்: நீங்கள் கொடுக்காத நன்கொடையை அரசியல் கட்சிக்குக் கொடுத்ததாக எழுதுவார்கள், இல்லாத வாடகையை, இல்லாத ஊனத்தை, இல்லாத கல்விக் கடனை எழுதுவார்கள். பணமும் வரும். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து நோட்டீஸ் வரும்.

2025 ஜூலை 14 அன்று இத்தகைய பொய்க் கழிவுகளைத் தேடி நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. சில இடைத்தரகர்கள் மொத்தமாகத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள் என்றும், அதனால் நோட்டீஸ் யார் கண்ணிலும் படாமல் போகிறது என்றும் துறையே அப்போது சொன்னது. பொய்த் தகவலுக்கு அபராதம், தவிர்த்த வரியின் 200 சதவீதம். 40,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டால் 80,000 அபராதம், 40,000 திருப்பித் தருவது, மேலே வட்டி. கமிஷன் வாங்கியவர் அப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார். கையெழுத்து உங்களுடையது.

யாரிடம் கொடுத்துத் தாக்கல் செய்தாலும், இணையதளத்தில் பதிந்திருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவையாக இருக்கட்டும். ஏற்கெனவே இப்படிப் பொய்யாகத் தாக்கல் ஆகியிருந்தால், நோட்டீஸ் வரும் முன் நீங்களே முன்வந்து திருத்துங்கள். ஐ.டி.ஆர்.-யு பயன்படும் இடம் இதுதான்.

"உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது.

அழுத்தாதீர்கள். ரீஃபண்ட் நேராக வங்கிக் கணக்குக்கு வருவது. அதற்காகத் துறை உங்கள் ஏ.டி.எம். பின் எண்ணையோ அட்டை எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்காது. சந்தேகம் இருந்தால் இணைப்பைத் தொடாமல், இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் நிலையைப் பாருங்கள்.

பணம் வந்துவிட்டது. கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது. தவறுதலாக வந்ததா?

அது வட்டி. 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் 1 முதல், தாமதமாகச் செய்தவருக்குத் தாக்கல் செய்த நாள் முதல். 36,000 ரூபாய் செப்டம்பரில் வந்தால் ஆறு மாதத்துக்கு 1,080 ரூபாய் கூடுதலாக இருக்கும். ரீஃபண்ட் தொகை, கட்ட வேண்டிய மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது.

திரும்பி வந்த 36,000க்கு வரி இல்லை, அது பழைய வருமானத்தின் ஒரு பகுதி. ஆனால் 1,080 ரூபாய் வட்டி, பணம் கைக்கு வந்த ஆண்டின் வருமானம். அடுத்த தாக்கலில் "இதர வருமானம்" என்ற இடத்தில் அதை எழுத வேண்டும். எவ்வளவு என்பது 143(1) அறிவிப்பில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அறிவிப்பை இப்போதே இறக்கிச் சேமித்து வையுங்கள்.